ஏ.யு.ஆர் பேக்கேஜ் உண்மையிலேயே கட்டற்றதா? உரிமத்தைக் கோப்பு கோப்பாகச் சரிபார்க்கும் முறை

ஆர்ச் லினக்ஸ் பயனர்களே பேக்கேஜ்களுக்கான கட்டும் குறிப்புகளைப் பகிரும் களஞ்சியம் ஏ.யு.ஆர். அதில் கணக்கு வைத்திருக்கும் யாரும் பேக்கேஜ் ஏற்றலாம். உரிமம் என்ற வரியில் அவர் ‘எம்.ஐ.டி’ என்ற கட்டற்ற உரிமத்தின் பெயரை அடித்தால் பேக்கேஜ் பக்கத்திலும் ‘எம்.ஐ.டி’ என்றுதான் தெரியும். அதை முன்கூட்டியே படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறவர் எவரும் இல்லை. அந்த வரி ஒருவருடைய கூற்று, அவ்வளவுதான். சாட்சி சொல்ல வேண்டியவை டார்பாலுக்குள், அதாவது மூலநிரல் கட்டுக்குள், கிடக்கும் கோப்புகள்.

பாரபோலா போன்ற முழுக் கட்டற்ற டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் தொகுப்புக்கு) ஏ.யு.ஆரிலிருந்து ஒரு பேக்கேஜைக் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கும், தன் கணினியில் கட்டற்ற மென்பொருள் மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. சிறிய பேக்கேஜ் என்றால் அரை மணி நேரம் போதும். பெரியது என்றால் ஒரு நாள் முழுக்கப் போகும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவுகோலை முடிவு செய்யுங்கள்

எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்த, திருத்த, பகிர எல்லோருக்கும் உரிமை இருந்தால் அது ‘கட்டற்றது’. ஆனால் அந்தச் சொல்லுக்கு எல்லா டிஸ்ட்ரோவும் ஒரே எல்லை வைத்திருப்பதில்லை. டெபியன் தன் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளை (சுருக்கமாக டி.எஃப்.எஸ்.ஜி) 1997-ல் வகுத்தது. பாரபோலா, டிரிஸ்குவெல், பியூர்ஓ.எஸ், குயிக்ஸ் ஆகியவை குனு திட்டத்தின் டிஸ்ட்ரோ நெறிமுறைகளைப் பின்பற்றுகின்றன. இரண்டும் பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் புதியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

உதாரணத்துக்கு, மாற்றக்கூடாத பகுதிகள் கொண்ட குனு ஆவண உரிமக் கையேட்டை டெபியன் ‘மெயின்’ பிரிவில் ஏற்காது. 2006-ல் வாக்கெடுப்பு நடத்தியே அதை முடிவு செய்தார்கள். குனு நெறிமுறைப்படி அதே கையேடு தாராளமாக உள்ளே வரலாம். விளையாட்டின் ஓவியங்கள், இசை போன்றவற்றிலும் இதே கதைதான். அவற்றை வணிக நோக்கிலும் நகலெடுத்துப் பகிர அனுமதி இருந்தால் குனு நெறிமுறைக்குப் போதும், மாற்றும் உரிமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டெபியனுக்கு மாற்றும் உரிமையும் வேண்டும். ஆகவே மாற்றுவதைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் ‘என்.டி’ உரிமத்தில் உள்ள ஓவியம் பாரபோலாவில் நுழையலாம், டெபியன் மெயினில் நுழையாது. ‘என்.சி’, அதாவது வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம், இரண்டிலும் நுழையாது.

ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள் ஓடும் நிரல், இன்னொரு பிரிவுக்கோடு. டெபியன் 2022-ல் வாக்கெடுத்து, 2023-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்து கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை நிறுவல் ஊடகத்திலேயே தருகிறது. குனு நெறிமுறையில் அதற்கு இடமில்லை. எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். பின்னால் வரும் பாதி வாக்குவாதம் அதிலேயே அடங்கிவிடும்.

வேறு யாராவது ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா?

டெபியனில் ஒரு பேக்கேஜ் புதிதாக நுழையும்போது அதன் உரிமங்களைத் தனிக் குழு பார்க்கிறது. பார்த்ததன் விளைவு, மூலப் பேக்கேஜில் ‘டெபியன்’ ஃபோல்டருக்குள் ‘காப்பிரைட்’ என்ற கோப்பாக இருக்கும். எந்தக் கோப்பு, யாருடையது, எந்த உரிமம் என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். டெபியனின் மூலநிரல் தளத்தில் உலாவியிலேயே திறந்து படிக்கலாம்.

அங்கே இரண்டு தடயங்களைக் கவனியுங்கள். பதிப்பு எண்ணின் வாலில் ‘டி.எஃப்.எஸ்.ஜி’ என்று ஒட்டியிருந்தால், மூல டார்பாலிலிருந்து கட்டற்றதல்லாத எதையோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். ‘ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூடெட்’ என்ற புலம் இருந்தால், வெட்டிய கோப்புகளின் பட்டியலே அங்கே கிடைத்துவிடும். ஏ.யு.ஆர் பேக்கேஜ் அதே மென்பொருளை வெட்டாமல் எடுத்தால், அந்தக் கோப்புகள் உங்கள் கைக்கும் வருகின்றன.

பாரபோலாவின் தடைப்பட்டியலையும் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பேக்கேஜ் பெயர், மாற்று இருந்தால் அதன் பெயர், தடைக்கான காரணம் ஆகியவை இருக்கும். ‘யுவர் ஃப்ரீடம்’ பேக்கேஜ் இந்தப் பட்டியலை வைத்துத்தான் செய்யப்படுகிறது. அதை நிறுவியிருந்தால், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பேக்மேன், தடைப்பட்ட பேக்கேஜோடு முரண்பாடு காட்டி நின்றுவிடும்.

பிறர் பார்த்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்கள் பார்த்தது வேறு பதிப்பாக இருக்கலாம். எங்கே தோண்ட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பி.கே.ஜி.பில்டை ஓட்டாமல் படியுங்கள்

பேக்கேஜின் கிட் ரெப்போவை குளோன் செய்து, பி.கே.ஜி.பில்ட் கோப்பை எடிட்டரில் திறங்கள். அதை ஓட்டிப் பேக்கேஜ் கட்டும் மேக்பேக்கேஜ் கருவியை இப்போது தொடவேண்டாம். பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பி.கே.ஜி.பில்ட் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட். மேக்பேக்கேஜை எந்த ஆப்ஷனோடு அழைத்தாலும் அது அந்த ஸ்கிரிப்டை ஓட்டித்தான் தகவலை எடுக்கிறது. வெறும் தகவல் போதும் என்றால் பக்கத்திலேயே இருக்கும் ‘டாட் எஸ்.ஆர்.சி.இன்ஃபோ’ கோப்பைப் படியுங்கள். அது சாதாரண உரை.

உரிம வரியில் பழைய பாணிப் பெயர் இருந்தால் உஷார். ஆர்ச் இப்போது எஸ்.பி.டி.எக்ஸ் என்ற சீரான உரிம அடையாளங்களுக்கு மாறிவிட்டது. ஏ.யு.ஆரில் பழைய பெயர்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. பழைய வழக்கில் வெறும் ‘ஜி.பி.எல்’ (குனு பொது உரிமம்) என்றால் பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது. ‘ஜி.பி.எல் 2’ என்றால் பதிப்பு 2 மட்டும். ‘ஜி.பி.எல் 3’ என்றாலோ பதிப்பு 3 அல்லது அதற்குப் பிந்தையது. 2 என்றால் ‘மட்டும்’, 3 என்றால் ‘பிந்தையதும்’. இந்தக் குளறுபடியை எல்லோரும் நினைவில் வைத்து எழுதினார்கள் என்று நம்ப முடியாது. ‘கஸ்டம்’ என்று போட்டிருந்தால் எந்தத் தகவலும் தரவில்லை என்றே பொருள்.

அடுத்தது சோர்ஸ் வரி. பேக்கேஜ் பெயர் ‘பின்’ என்று முடிந்தால், வேறு யாரோ கட்டிய பைனரியை, அதாவது ஓடத் தயாரான நிரலை, இறக்குகிறது. ‘டெப்’, ‘ஆப்இமேஜ்’, ‘ஜார்’ கோப்புகளை இழுக்கும் பேக்கேஜ்களும் அப்படித்தான், பெயரில் ‘பின்’ இல்லாவிட்டாலும்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் இதற்கு நல்ல பாடம். மூலநிரல் எம்.ஐ.டி உரிமத்தில் வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் தரும் பைனரிக்கு வேறு உரிமம், அது தனியுரிமை. ‘மூலம் எம்.ஐ.டிதானே’ என்று சொல்லி அந்தப் பைனரியைக் கொண்டுவர முடியாது. மூலத்திலிருந்து தனியாகக் கட்டப்படும் வி.எஸ்.கோடியம் வேறு விஷயம். அங்கேயும் நீட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் உண்டு.

டிபெண்டென்சிப் பட்டியலில் விருப்பச் சார்புகளையும் படியுங்கள். கட்டற்றதல்லாத ஒன்றைப் பரிந்துரைப்பதையும் குனு நெறிமுறை ஏற்பதில்லை. நிரல் சுத்தமாக இருந்தும் பரிந்துரையில் மாட்டிக்கொள்ளும் பேக்கேஜ்கள் நிறைய.

சரியான பதிப்பின் மூலத்தை எடுங்கள்

ஸ்கிரிப்டைப் படித்து, அதில் விஷமம் இல்லை என்று தெரிந்த பிறகு மேக்பேக்கேஜை ‘நோபில்ட்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். மூலத்தை இறக்கிப் பிரித்து வைத்துவிட்டு நின்றுவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: ‘ப்ரிப்பேர்’ செயல்கூறு அப்போதும் ஓடும். பேட்ச் போட்டு, கோப்புகளை அழித்த பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். மூலத்தில் உள்ளதை உள்ளபடி பார்க்க ‘நோப்ரிப்பேர்’ ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட்ஹப் பக்கத்தின் ஓரத்தில் தெரியும் உரிமப் பெயரை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது ரெப்போவின் மேல்மட்ட உரிமக் கோப்பை ஒரு நிரல் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் ஊகம். அதுவும் முதன்மைக் கிளையின் இன்றைய நிலைக்கு. நீங்கள் கட்டப்போகும் டேகின் (பதிப்புக் குறியின்) நிலை வேறாக இருக்கலாம்.

வேறாக இருந்த கதைகள் பல உண்டு. டெராஃபார்ம் 1.5 வரை எம்.பி.எல் 2.0 என்ற கட்டற்ற உரிமம். 2023 ஆகஸ்டில் அறிவித்து, 1.6-லிருந்து பிசினஸ் சோர்ஸ் என்ற கட்டற்றதல்லாத உரிமத்துக்குப் போய்விட்டது. ஓப்பன்டோஃபு கிளைத்தது அதனால்தான். ரெடிஸ் 7.2 வரை பி.எஸ்.டி, அதுவும் கட்டற்ற உரிமம். 2024 மார்ச்சில் அறிவித்த மாற்றத்தால் 7.4 கட்டற்றதல்லாத இரட்டை உரிமத்தில் வந்தது. 2025-ல் ரெடிஸ் 8 வந்தபோது ஏ.ஜி.பி.எல் 3 என்ற கட்டற்ற உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். ஆக ‘ரெடிஸ் கட்டற்றதா’ என்று கேட்டால் பதில் இல்லை. எந்த ரெடிஸ் என்று கேட்க வேண்டும்.

மேல்மட்டக் கோப்புகளை முழுதாகப் படியுங்கள்

லைசென்ஸ், காப்பியிங், நோட்டீஸ், ரீட்மி, ஆதர்ஸ் ஆகிய கோப்புகள். பைத்தான் என்றால் பைப்ராஜெக்ட் டாமல், நோட் என்றால் பேக்கேஜ் ஜேசன், ரஸ்ட் என்றால் கார்கோ டாமல். எல்லாவற்றிலும் ஒரே உரிமம்தான் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ரீட்மியில் ஒன்று, லைசென்ஸில் இன்னொன்று என்று இருப்பது சர்வசாதாரணம்.

தெரிந்த உரிமம்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். நடுவில் ஒரு வரி செருகியிருக்கலாம். ஜேசன் உரிமம் பார்ப்பதற்கு அச்சு அசல் எம்.ஐ.டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரே ஒரு வாக்கியம் கூடுதல்: இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கல்ல. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் உரிமையை அது கட்டுப்படுத்துகிறது. அதனால் எஃப்.எஸ்.எஃப்பும் (கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை) டெபியனும் அதை ஏற்பதில்லை. ஜேசன் டாட் ஆர்கின் ஜாவா நூலகம் 2022-ல் பொதுவுடைமைக்கு (பப்ளிக் டொமைனுக்கு) மாறிவிட்டாலும், அதன் பழைய நகல்கள் எத்தனையோ திட்டங்களுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

காமன்ஸ் கிளாஸ் இன்னொரு வகைச் செருகல். அப்பாச்சி உரிமத்தின் தலையில் நாலு பத்தி சேர்த்து, ‘விற்கக் கூடாது’ என்று சொல்லிவிடும். கீழே இருப்பது அப்பாச்சி 2.0 என்பது உண்மைதான். மேலே இருப்பதோடு சேர்த்துப் பார்த்தால் அது கட்டற்றதல்ல.

நோட் பேக்கேஜ்களில் ஒரு எழுத்துக்கண்ணி உண்டு. ‘அன்லைசென்ஸ்’ என்பது பொதுவுடைமைக்கு விட்டுக்கொடுக்கும் உரிமம், கட்டற்றது. அதன் வாலில் ‘டு’ ஒலி சேர்ந்து, முழுக்கப் பெரிய எழுத்தில் ‘அன்லைசென்ஸ்டு’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் எந்த உரிமையும் தரவில்லை என்று பொருள். வேறுபாடு ஒரே ஓர் எழுத்து.

உரிமக் கோப்பே இல்லையென்றால்? பொதுவெளியில் கிடப்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. பதிப்புரிமை எழுதியவுடன் தானாகவே பிறக்கிறது. அனுமதி எழுதித் தரப்படாத நிரல் முழு உரிமையும் காக்கப்பட்ட நிரல்.

ஒவ்வொரு கோப்பின் தலையையும் பாருங்கள்

காப்பியிங் கோப்பில் ஜி.பி.எல் 2 உரை முழுதாக இருப்பதை வைத்து, ‘2 மட்டும்’ என்றா ‘2 அல்லது பிந்தையது’ என்றா எது என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் அதே உரைதான். முடிவைச் சொல்வது ஒவ்வொரு மூலக்கோப்பின் தலைக்குறிப்பு. ‘ஆர் எனி லேட்டர் வெர்ஷன்’ என்ற சொற்றொடர் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். பதிப்பு எண்ணே குறிப்பிடாமல் ஜி.பி.எல் என்று மட்டும் சொல்லியிருந்தால், வெளிவந்த எந்தப் பதிப்பையும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஜி.பி.எல்லே அனுமதிக்கிறது.

ஆயிரம் கோப்புகளை கண்ணால் பார்க்க முடியாது. டெபியன்காரர்களின் ‘லைசென்ஸ்செக்’ இதற்கு நல்ல கருவி. ஒரு பொறி மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இயல்பாக அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 60 வரிகளைத்தான் படிக்கும், அதுவும் மூலநிரல் போலத் தோன்றும் கோப்புகளை மட்டும். ‘லைன்ஸ்’ ஆப்ஷனுக்கு 0 கொடுத்தால் கோப்பு முழுவதையும் படிக்கும். ‘செக்’ ஆப்ஷனுக்கு எல்லாப் பெயருக்கும் பொருந்தும் தேடல் வடிவத்தைக் கொடுத்தால் எதையும் விடாது. ‘ரிகர்சிவ்’, ‘காப்பிரைட்’ ஆப்ஷன்களையும் சேருங்கள். வெளியீட்டைக் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். இன்னும் ஆழமாகப் பார்க்க ஸ்கேன்கோட் டூல்கிட் இருக்கிறது. மெதுவாக ஓடும், நிறையப் பொய் எச்சரிக்கையும் தரும்.

வெளியீட்டை உரிமப் பெயர் வாரியாக எண்ணி, குறைந்த எண்ணிக்கை மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். 800 கோப்பு எம்.ஐ.டி என்று வந்தால் அதில் கதை இல்லை. தனியாக நிற்கும் மூன்று கோப்புகளில்தான் கதை. ‘அன்நோன்’ என்று வந்தவற்றைக் கையால் திறந்து பாருங்கள்.

பிறகு கிரெப் என்ற சொல்தேடும் கட்டளை. நான்-கமர்ஷியல், எவால்யுவேஷன், அகடமிக், ப்ரொப்ரைட்டரி, கான்ஃபிடென்ஷியல், ரிவர்ஸ் எஞ்சினியர், ‘மே நாட் பி யூஸ்டு’ ஆகிய சொற்களை எழுத்தளவு பாராமல் தேடுங்கள். ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு’ என்பதைப் பார்த்து நடுங்க வேண்டாம். பி.எஸ்.டி உரிமத் தலைகளிலேயே அந்த வரி இருக்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், மேக்ஃபைல் டாட் இன், கான்ஃபிக் டாட் கெஸ் போன்ற ஆட்டோடூல்ஸ் கோப்புகள் வேறு உரிமம் காட்டும். அவை கருவி உண்டாக்கியவை, தளர்ந்த அனுமதியோ விதிவிலக்கோ அவற்றிலேயே எழுதியிருக்கும். பைசன் உண்டாக்கும் பார்சர் கோப்பும் இதே வகை. புதியவர்கள் இவற்றை வைத்துப் புகார் எழுதிப் பராமரிப்பாளரின் பொறுமையைச் சோதிப்பது வழக்கம்.

7-ஜிப்: ஓர் உதாரணம், கிட்டத்தில்

கோப்புகளைச் சுருக்கும் நிரலான 7-ஜிப்பின் மூலத்தைப் பிரித்து ‘டாக்’ ஃபோல்டருக்குப் போங்கள். லைசென்ஸ் கோப்பு முதலிலேயே ஒப்புக்கொள்கிறது: பெரும்பகுதி எல்.ஜி.பி.எல், சில பகுதி பி.எஸ்.டி, சில பகுதி எல்.ஜி.பி.எல்லோடு ‘அன்ரார்’ கட்டுப்பாடும். பக்கத்திலேயே அன்ரார் உரிமக் கோப்பும் இருக்கும். இந்த நிரலை ரார் கோப்புகளைக் கையாளப் பயன்படுத்தலாம், ஆனால் ரார் சுருக்கும் முறையை மறுபடி உருவாக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். மூலம் கண் முன்னால் இருக்கிறது, காசும் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு பயன்பாட்டைத் தடுக்கிறது. கட்டற்றதல்ல என்பதற்கு அது ஒன்றே போதும்.

இனி எந்தக் கோப்புகள் என்று பார்க்க வேண்டும். ‘சி.பி.பி’ ஃபோல்டருக்குள் ‘7ஜிப்’, அதற்குள் ‘கம்ப்ரெஸ்’. அங்கே ரார் என்று தொடங்கும் டிகோடர் கோப்புகள் 1, 2, 3, 5 என்று எண்ணிட்டு வரிசையாக இருக்கும். ரார் 3 டிகோடரைத் திறந்தால் தலையிலேயே குறிப்பு: அன்ரார் உரிமப்படி, ரார் காப்பகம் உருவாக்கும் நிரலை எழுத இந்த நிரலைப் பயன்படுத்தக் கூடாது. உரிமக் கோப்பு சொன்னதைக் கோப்பே உறுதி செய்துவிட்டது. இந்த இரண்டும் கையில் இருந்தால் முடிவு எழுதலாம்.

தீர்வு என்ன? மேக்ஃபைலில் ராரை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது. அணைத்துக் கட்டினால் பைனரி சுத்தம். ஆனால் டிஸ்ட்ரோ மூலநிரலையும் சேர்த்தே பகிர்கிறது, அந்த டார்பாலுக்குள் ரார் கோப்புகள் அப்படியே இருக்கும். அதனால்தான் டெபியன் கோப்புகளையே வெட்டி எடுத்து, ரார் பகுதியை ‘7ஜிப்-ரார்’ என்று, கட்டற்றதல்லாதவற்றுக்கான நான்-ஃப்ரீ பிரிவில் தனியாக வைத்திருக்கிறது. பாரபோலாவில் இந்த வெட்டு வேலையைச் செய்ய பி.கே.ஜி.பில்டில் ‘எம்.கே.சோர்ஸ்’ என்று ஒரு செயல்கூறு எழுதுவார்கள். குயிக்ஸில் அதே வேலையை, மூலத்தைக் குறிக்கும் ஒரிஜின் பகுதிக்குள் ‘ஸ்னிப்பெட்’ செய்கிறது. ஏ.யு.ஆரில் இதற்கு வழி கிடையாது. அங்கே இருப்பது கட்டும் குறிப்பு மட்டும், டார்பால் மூலத் தளத்திலிருந்து நேராக இறங்குகிறது.

நிரல் அல்லாத கோப்புகள்

கருவிகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஃபைண்டையும் ‘ஃபைல்’ கட்டளையையும் சேர்த்து ஓட்டி, உரை அல்லாத கோப்புகளைப் பட்டியலிடுங்கள்.

சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட், அதாவது ‘மின் டாட் ஜே.எஸ்’: உரிமம் எம்.ஐ.டியாகவே இருக்கட்டும். சுருக்காத மூலம் உள்ளே இல்லையென்றால் அது திருத்த முடியாத பொருள். டெபியனின் பேக்கேஜ் சோதனைக் கருவியான லின்டியன் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. மூலத்தைத் தேடிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்ட்ரோவில் இருக்கும் நூலகத்தோடு இணைக்க வேண்டும்.

ஃபர்ம்வேர்: தனிக் கோப்பாக இருந்தால் சுலபமாகத் தெரியும். சி மொழியின் ஹெடர் கோப்புக்குள் ஆயிரக்கணக்கான பதினாறடிமான எண்களாக ஒளிந்திருந்தால்தான் தொல்லை. கோப்பின் தலையில் ஜி.பி.எல் என்று எழுதியிருந்தாலும், அந்த எண்களின் மூலம் எங்கே என்று கேளுங்கள். லினக்ஸ்-லிப்ரே திட்டத்தின் ‘டிப்ளாப்-செக்’ இப்படிப்பட்ட எண் கூட்டங்களைக் கண்டுபிடிக்கவே எழுதப்பட்டது.

எழுத்துருக்கள்: ஓ.டி.எஃப்.இன்ஃபோ கட்டளை எழுத்துருவுக்குள் பதிந்திருக்கும் உரிம வரியைக் காட்டும். தமிழ் இடைமுகம் உள்ள நிரல்களில் ‘லதா’ எழுத்துருவைக் கூடவே வைத்து அனுப்புவார்கள், எங்கும் சரியாகத் தெரியட்டும் என்று. லதா மைக்ரோசாஃப்டின் சொத்து, பகிர அனுமதி இல்லை. லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ வைத்தால் ஓ.எஃப்.எல் 1.1 என்ற கட்டற்ற எழுத்துரு உரிமத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஓ.எஃப்.எல் எழுத்துருவைத் திருத்தினால், ஒதுக்கப்பட்ட பெயர் அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறிவித்திருந்தால் திருத்திய வடிவத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

சோதனைத் தரவு: படச் செயலாக்க நூலகங்களின் ‘டெஸ்ட்’ ஃபோல்டரில் லேனா என்ற பெண்ணின் படம் அடிக்கடி கிடைக்கும். 1972-ல் ப்ளேபாய் இதழில் வந்தது, பகிரும் உரிமம் எதுவும் கிடையாது. நெட்வொர்க் நிரல்களின் ‘டாக்’ ஃபோல்டரில், இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்.எஃப்.சி உரைகள் கிடக்கும். அவற்றை மாற்றி வெளியிட அனுமதி இல்லாததால் டெபியன் வெட்டிவிடும். பயனருக்கு இவை எதுவும் தேவையில்லை, எடுத்துவிட்டால் முடிந்தது.

சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறதா?

தனித்தனியாக எல்லாம் கட்டற்றவை. ஒரே நிரலாக இணைத்தால் பகிர முடியாமல் போகலாம். அப்பாச்சி 2.0 நூலகத்தை ‘ஜி.பி.எல் 2 மட்டும்’ நிரலோடு இணைக்க முடியாது, ஜி.பி.எல் 3-உடன் முடியும். மேலே ‘மட்டும்’, ‘பிந்தையது’ என்று அவ்வளவு பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான். விளம்பர நிபந்தனை கொண்ட 4-பிரிவு பி.எஸ்.டியும் ஜி.பி.எல்லும் ஒட்டாது. பெர்க்லி பல்கலைக்கழகம் தன் நிரல்களுக்கு அந்த நிபந்தனையை 1999-ல் நீக்கிவிட்டது. தலையில் பெர்க்லியின் பெயர் மட்டும் இருந்தால் கவலை இல்லை. வேறு பெயர்களும் சேர்ந்து இருந்தால் நிபந்தனை உயிரோடு இருக்கிறது.

கட்டும்போது இறங்குபவை

இத்தனையும் பார்த்த பிறகு, கட்டும் நேரத்தில் நோட் பேக்கேஜ்களை இறக்கும் என்.பி.எம் கருவி ஐந்நூறு பேக்கேஜை இழுத்தால் பார்த்ததெல்லாம் வீண். பி.கே.ஜி.பில்டின் ‘ப்ரிப்பேர்’, ‘பில்ட்’ செயல்கூறுகளில் என்.பி.எம், கார்கோ, கோ, பிப் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். சிமேக் கோப்புகளில் ‘ஃபெட்ச்கன்டென்ட்’, ‘எக்ஸ்டர்னல்ப்ராஜெக்ட்’ இரண்டையும் தேடுங்கள். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் மூலம் இறங்கியதும் ‘அன்ஷேர்’ கட்டளையால் நெட்வொர்க்கைத் துண்டித்துக் கட்டிப் பாருங்கள். எங்கே உடைகிறதோ அங்கே ஏதோ இறங்க வேண்டியிருக்கிறது.

இறங்குபவற்றின் பட்டியல், பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பில் இருக்கும். ரஸ்டுக்கு ‘கார்கோ-டெனி’, பைத்தானுக்கு ‘பிப்-லைசென்செஸ்’, கோவுக்கு ‘கோ-லைசென்செஸ்’ ஆகியவை உரிமங்களைத் தொகுத்துத் தரும். இவையும் பெரும்பாலும் அந்தந்தப் பேக்கேஜ்காரர் எழுதிய வரியைத்தான் திருப்பிச் சொல்கின்றன. பெயர் தெரியாதவை, விசித்திரமான உரிமம் காட்டுபவை ஆகியவற்றுக்கு மட்டுமாவது மேலே சொன்ன வேலையை முதலிலிருந்து செய்யுங்கள்.

முடிவை எழுதுதல்

எஸ்.பி.டி.எக்ஸ் கோவையில் ‘ஆண்ட்’ என்றால் எல்லா நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்தும், ‘ஆர்’ என்றால் பயனர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ‘வித்’ என்றால் விதிவிலக்கு. பாதிக் கோப்பு எம்.ஐ.டி, பாதி ஜி.பி.எல் என்றால் அது ‘ஆண்ட்’. இங்கே ‘ஆர்’ போடுவதுதான் ஏ.யு.ஆரில் அதிகம் கண்ணில் படும் தவறு. எம்.ஐ.டி, பி.எஸ்.டி, ஐ.எஸ்.சி உரிமங்களில் பதிப்புரிமையாளரின் பெயர் உரைக்குள்ளேயே வருகிறது. அதனால் உரிமக் கோப்பைப் பேக்கேஜோடு சேர்த்து லைசென்சஸ் ஃபோல்டரில் நிறுவ வேண்டும். ஜி.பி.எல்லின் பொது உரை கணினியில் ஏற்கெனவே இருக்கும்.

குறை கண்டால் பராமரிப்பாளருக்கு மூன்று விவரம் போதும்: பதிப்பு எண், கோப்பின் முழுப் பாதை, உரிம வரியின் சொற்கள் உள்ளபடி. ‘இது கட்டற்றதல்ல’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது. உரிமமே இல்லாத திட்டம் என்றால் மூல ஆசிரியரிடம், உரிமக் கோப்பைச் சேர்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் மறதிதான் காரணம். அவரோடு சேர்ந்து எழுதிய மற்றவர்களின் ஒப்புதலும் வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் சேர்த்த உரிமம் பாதி நிரலுக்குத்தான் செல்லும்.

புதிய பதிப்பு வரும்போது முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. சேமித்து வைத்த லைசென்ஸ்செக் வெளியீட்டையும் புதிய மூலத்தில் ஓட்டிய வெளியீட்டையும் வரிசைப்படுத்தி ‘டிஃப்’ எடுங்கள். பாதையில் பதிப்பு எண் வந்தால் முன்பே அதை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லா வரியும் மாறியதாகக் காட்டும். புதிதாக முளைத்த வரிகள், மாறிய லைசென்ஸ் கோப்பு, லாக் கோப்பில் சேர்ந்த பெயர்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். பெரும்பாலான முறை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.